நரம்புக்குள் நடக்கும் சுமைதூக்கி!

உங்கள் கால் கட்டைவிரலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு செல், கீழ் முதுகெலும்பின் ஓரத்தில் இருக்கிறது. அதிலிருந்து விரல் நுனிவரை ஓடும் இழை கிட்டத்தட்ட 1 மீட்டர் நீளம்! நுனிக்கு வேண்டிய சரக்குகள் பெரும்பாலும் செல்லில்தான் தயாராகின்றன. அவ்வளவு தூரம் யார் சுமந்து போவது?

கைனசின் என்ற புரதம்தான். இழைக்குள் தண்டவாளம் போல நுண்குழாய்கள் இருக்கின்றன. அவற்றின்மேல் இது இரண்டு கால்களால் மாறி மாறி அடிவைத்து நடக்கிறது. ஓர் அடிக்கு ஒரு ஏ.டி.பி. மூலக்கூறு எரிபொருள். 1985-ல் அமெரிக்காவின் உட்ஸ் ஹோலில், கணவாயின் தடித்த நரம்பை ஆராய்ந்த வேல், ரீஸ், ஷீட்ஸ் ஆகியோர் இதைக் கண்டுபிடித்தார்கள்.

சரி, ஓர் அடி எவ்வளவு நீளம்? அங்கேதான் சிக்கல். ஒளி அலையாகப் பரவுவதால், சாதாரண மைக்ராஸ்கோப்பில் 200 நானோமீட்டருக்குள் இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும்.

அதற்கும் வழி கிடைத்தது. கைனசினை விட்டுவிட்டு, அது இழுக்கும் மணியைக் கவனித்தார்கள்! ஒரே மணி என்றால், அது எங்கே இருக்கிறது என்பதை மிகத் துல்லியமாகக் கணிக்க முடியுமே. ஆர்தர் அஷ்கின் குழுவினர் 1986-ல் செய்துகாட்டிய லேசர் இடுக்கியை மைக்ராஸ்கோப்போடு இணைத்தார்கள். கைனசின் ஒட்டிய சிலிக்கா மணியை லேசரால் பிடித்து, நுண்குழாய்மேல் விட்டார்கள். மணி நகர நகர, ஒளியில் உண்டான மாற்றத்தைக் கருவி அளந்தது. 1993-ல் ஸ்வோபோடா, பிளாக் குழுவினருக்கு விடை கிடைத்தது: 8 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனைக் கடக்கவே சுமார் 10,000 அடி! இடுக்கிக்காக அஷ்கினுக்கு 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.

'இதனால் நமக்கென்ன டாக்டர்?' என்கிறீர்களா?

நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியில் இருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின், ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் மருந்து. இது நுண்குழாய்களைக் கலைத்து, புற்று செல் பிரியாமல் தடுக்கிறது. நரம்பின் தண்டவாளமும் அதே நுண்குழாய்தானே! அதுவும் பழுதானால் விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. நீளமான இழைகள் என்பதால் பாதம் சீக்கிரமே பாதிக்கப்படுகிறது.

ஆகவே, இந்தச் சிகிச்சையில் இருப்பவர்கள் மதமதப்பு, எரிச்சல், செருப்பு நழுவுவது தெரியாமை இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் அளவை மாற்றித் தருவார். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. 'சர்க்கரைக்கு நல்லது' என்று யாரோ சொன்னதைக் கேட்டு நித்தியகல்யாணியைக் கஷாயம் வைத்துக் குடிப்பவர்கள் உண்டு. சித்த மருத்துவனாகச் சொல்கிறேன், வேண்டாம். செடி வாசலில் இருக்கட்டும். பூ சாமிக்குப் போகட்டும்!