மாற்றிய இடத்தை முதலில் பாருங்கள்

புனேயில் நாங்கள் வாழும் குடியிருப்பில் பாதிப் பேர் வருஷா வருஷம் காரிலேயே ஊருக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு உதவும் என்றுதான் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

என் பழைய காரின் முன்சக்கரத்தில் 'டொக் டொக்' என்று சத்தம் வந்தது. இடப்பக்க டை ராட் எண்டை மாற்றினார்கள். சத்தம் நின்றது. ஆனால் வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நின்றது. "ஏங்க, இது முன்னாடி இப்படி இல்லையே?" என்றாள் மனைவி. ஒரு மெக்கானிக், "ஸ்டியரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டிடலாம்" என்றார். இன்னொருவர் ஸ்டியரிங் பாக்ஸையே மாற்றச் சொன்னார்.

ராணுவத்தில் வண்டிகள் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் சிரித்தார். "தம்பி, புதுசா வந்த கோளாறு புதுசா கை வெச்ச இடத்துலதான் இருக்கும்."

ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டு போவது டை ராட். அதன் நுனி மரையில் திருகி ஏறுகிறது. ஒரு சுற்று பிசகினால் ஒன்றரை மில்லிமீட்டர் போல நீளம் மாறும். அதுவே டயரின் ஓரத்தில் பல மில்லிமீட்டராகப் பெருகும். அதனால் பழையதைக் கழற்றும்போதே சுற்றுகளை எண்ணிக்கொள்ள வேண்டும். எண்ணி மாட்டினாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஸ்டியரிங் வீலை மட்டும் நேராக்குவது நோயை மறைப்பதே. டயர் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். ஏர்பேக் உள்ள வண்டியில் அது ஆபத்தும்கூட.

அறிகுறிகளைப் பிரித்துப் பாருங்கள். ஸ்டியரிங் கோணல், வண்டி நேர் என்றால் அலைன்மென்ட். கையை விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா? முதலில் காற்றைப் பாருங்கள். பிறகு முன் டயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறாவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சக்கரம் மட்டும் அதிகம் சுடும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நடுங்கினால் வீல் பாலன்சிங்.

பெரியவர் ஜாக்கி வைத்து அடியில் டார்ச் அடித்தார். நட்டில் ஸ்ப்ளிட் பின்னே இல்லை! நட்டும் தளர ஆரம்பித்திருந்தது. அது கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. மறுவாரம் குழந்தைகளோடு கண்டாலா மலைப்பாதையில் இறங்குவதாக இருந்தோம்.

அன்றிலிருந்து எந்தப் பாகம் மாற்றினாலும், பில்லைக் கையில் வாங்கும் முன் நானே குனிந்து பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்.