ஒரு வரி தவறினால் ஊரெல்லாம் கதவடைப்பு!

2024-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி. வெள்ளிக்கிழமை.

விமானம் ஏறப் போனவர்கள் திகைத்து நின்றார்கள். கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை! நம் நாட்டு விமான நிலையங்களில் ஊழியர்கள் பேனாவை எடுத்து, கையாலேயே போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள்.

உலகம் முழுவதும் இதே கதை. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன.

யார் செய்த வேலை இது? திருடனா? எதிரியா?

இல்லை. கம்ப்யூட்டர்களுக்குக் காவல் இருக்கும் ஒரு புரோகிராமுக்கு, ஒரு சின்னக் குறிப்பு அனுப்பினார்கள். அதில் இருந்த தவறுதான் காரணம்!

காவல்காரன் கையில் ஒரு பட்டியல்

இண்டர்நெட் என்பது கம்ப்யூட்டர்களை எல்லாம் கோத்த ஒரு பெரிய வலை. உங்கள் செல்போனும் அதில் ஒரு கண்ணிதான். வீட்டுக்குக் கதவு எண் இருப்பது போல, வலையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு.

பாங்கி, ஆஸ்பத்திரி, அரசாங்க அலுவலகம் ஆகியவற்றில் கம்ப்யூட்டரின் வாசலில் ஒரு காவல்காரன் நிற்கிறான். அவன் மனிதன் அல்ல; புரோகிராம். "இந்த எண்ணை உள்ளே விடு. அந்த எண்ணை நிறுத்து" என்று எழுதிய பட்டியல் அவனிடம் இருக்கும். அதில் உள்ளபடி நடப்பான். சொந்த யோசனை கிடையாது.

பட்டியலே தவறாக இருந்தால்?

திரும்பிப் போன டாக்டரம்மா

புதுச்சேரிக்குத் தெற்கே, தவளக்குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது பூரணாங்குப்பம். அங்கே ஒரு பொதுக் கூடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் இருக்கும் காவல்காரரிடம் ஒரு சீட்டைக் கொடுக்கிறார்கள்.

முதல் வரி: "வெளியூரார் யாரும் வரக்கூடாது."

இரண்டாம் வரி: "பாகூர் டாக்டரம்மா வரலாம்."

டாக்டரம்மா வருகிறார். காவல்காரர் சீட்டை மேலிருந்து படிக்கிறார். முதல் வரியைப் பார்த்ததுமே, "வெளியூரா? கூடாது அம்மா!" என்று தடுத்துவிடுகிறார். இரண்டாம் வரியை அவர் படிக்கவே இல்லை. உள்ளே நோயாளி காத்திருக்கிறார். டாக்டரம்மா திரும்பிப் போகிறார்!

சீட்டில் எழுத்துப் பிழை உண்டா? ஒன்றுகூட இல்லை. வரிசைதான் பிழை. இரண்டாம் வரியை மேலே எழுதியிருந்தால் தொல்லை இல்லை.

கம்ப்யூட்டர் காவலும் பெரும்பாலும் இப்படித்தான். மேலிருந்து கீழே படிக்கும். பொருந்துகிற முதல் வரியோடு நின்றுவிடும். பட்டியலில் பெயரே இல்லாதவரைப் பொதுவாக உள்ளே விடாது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. "எல்லோரும் வரலாம்" என்று சோதனைக்காக ஒரு வரி எழுதுவார்கள். வேலை முடிந்ததும் அதை அழிக்க மறந்துவிடுவார்கள். அப்புறம் திருடனுக்கும் வாசல் திறந்தே கிடக்கும்!

ஒரு நாட்டில் போட்ட பூட்டு

2008-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், பாகிஸ்தானில் 'யூடியூப்' பார்க்கக்கூடாது என்று தடை போட்டார்கள். அந்த நாட்டுத் தொலைபேசி நிறுவனம், யூடியூபுக்குப் போகும் வழியை மாற்றி எழுதியது. அந்த மாற்றம் எல்லை தாண்டி வெளியே போய்விட்டது. வாங்கிய வெளிநாட்டுக் கம்பெனியும் சரிபார்க்காமல் மற்றவர்களுக்கு அனுப்பிவிட்டது. விளைவு? உலகத்தின் பல பகுதிகளில் சுமார் 2 மணி நேரம் யூடியூப் தெரியவில்லை!

சோதிப்பவனுக்கும் சோதனை!

2021-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் 6 மணி நேரம் நின்றுபோயின. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்தக் கம்பெனியின் நிலையங்களுக்கு இடையே இருந்த தொடர்பை அறுத்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க அவர்களிடம் ஒரு சோதனைப் புரோகிராம் இருந்தது. அதிலேயே பிழை!

2024-ல் நடந்ததும் அதுதான். 'கிரவுட்ஸ்டிரைக்' என்ற கம்பெனி அனுப்பிய குறிப்பு 21 விவரங்களை எதிர்பார்த்தது. புரோகிராம் கொடுத்ததோ 20 தான். இல்லாத 21-வது விவரத்தைத் தேடிப் போய்க் கம்ப்யூட்டர் விழுந்தது. குறிப்பைச் சரிபார்த்த சோதனைப் புரோகிராம், "சரி" என்று விட்டுவிட்டது. 78 நிமிடத்தில் குறிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் எழுத்து, எண், புள்ளி சரியா என்று கம்ப்யூட்டரே பார்க்கட்டும். ஆனால் அது "சரி" என்றால் எழுத்து சரி என்றுதான் பொருள். கருத்து சரியா என்று மனிதன்தான் பார்க்க வேண்டும்.

ஒருவர் எழுதினால் இன்னொருவர் படிக்க வேண்டும். வர வேண்டியவர் ஒருவர், வரக்கூடாதவர் ஒருவர், இருவரையும் வாசலில் நிறுத்திப் பார்க்க வேண்டும். புதுப் பட்டியலை முதலில் ஒரே ஓர் இடத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய பட்டியலைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்; தவறினால் உடனே அதையே திரும்பப் போடலாம்.

உங்கள் வீட்டு வைபை பெட்டிக்கும் இது பொருந்தும். ரகசியச் சொல் யார் யாருக்குத் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். வேண்டாதவருக்குத் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

நல்லவாட்டில் உடைந்த கதவு

பூரணாங்குப்பத்தை அடுத்த கடற்கரை ஊர் நல்லவாடு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரைத் தலைமை இடமாக வைத்துக் கிராமத் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. நல்லவாட்டிலும் ஒன்று அமைந்தது.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி காலை. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர், "கடல் பொங்குகிறது, ஓடுங்கள்!" என்று வீட்டுக்குப் போன் செய்தார். தகவல் நிலையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. ஆனால் கதவு பூட்டிக் கிடந்தது. ஊர்க்காரர்கள் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் கூவினார்கள். 3,000-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் தப்பினார்கள்!

அந்தக் கதவை உடைக்க முடிந்தது. கம்ப்யூட்டருக்குள் தவறாகப் பூட்டிய கதவை எந்தக் கடப்பாரையால் உடைப்பது?

புயல் எச்சரிக்கையும், ஆஸ்பத்திரிச் சீட்டும், பாங்கிப் பணமும் இன்று அந்த வாசல் வழியாகத்தான் வருகின்றன. ஆகவே, ஆபத்து வருவதற்கு முன்பே, அமைதியான ஒரு நாளில், பட்டியலை வரி வரியாகப் படித்துவிட வேண்டும். அலட்சியம் வேண்டாம்!