பழைய கார்த் தகட்டைக் கைக்கருவியால் வெட்டும் முறை

தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டையும் பெறும் மாவட்டம் கன்னியாகுமரி. ஓடாது கிடக்கும் காரில் அம்மழைநீர் தேங்கினால் டெங்குக் கொசு பெருகும். தகட்டையோ உப்புக் காற்று அரித்துவிடும். அத்தகட்டை உரிய காலத்தில் எடுத்தால் கோழிக்கூட்டின் கூரைக்கும், வயல் மடையின் அடைப்புக்கும், உரக்குழியின் மூடிக்கும் உதவும். இதற்கு மின் கருவி வேண்டுவதில்லை. நாஞ்சில் நாட்டுக் கொல்லர் பட்டறைகளில் உள்ள சுத்தியல், வெட்டிரும்பு, அரம், தகரக் கத்தரி ஆகியவையே போதும்.

முதலில் சட்டத்தை அறிதல் வேண்டும். வண்டி நிரந்தரமாகப் பயனற்றுப் போனால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி உரிமையாளர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். வண்டிகளை உடைக்கும் நிலையங்களுக்கென 2021இல் தனி விதிகள் வகுக்கப்பட்டன. ஆகவே பதிவு பெற்ற நிலையத்தில் பிரித்த உறுப்புக்களை ரசீதுடன் வாங்குவதே முறையாகும்.

பெட்ரோல் தொட்டியை மட்டும் ஒருபோதும் வெட்டலாகாது. காலித் தொட்டியிலும் ஆவி தங்கியிருக்கும். உளியில் எழும் ஒரு பொறியே அதனை வெடிக்கச் செய்யும்.

அகலமான தகடு தருபவை கூரை, பானெட், கதவு ஆகியவை. பெரும்பாலான கார்களில் இத்தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவே. கதவின் வெளித்தகடு உட்சட்டத்தின் ஓரத்தைச் சுற்றி மடிக்கப்பட்டிருக்கும். கண்ணாடியை அகற்றிய பின், அம்மடிப்பின் விளிம்பை அரத்தால் தேய்த்துக்கொண்டே வந்தால் மடிப்பு அறுந்துவிடும். பின்னர் மெல்லிய உளியை இடையே செலுத்தித் தகட்டை நெளியாமல் பிரித்தெடுக்கலாம். பானெட்டுக்கும் இதுவே வழி.

கூரையை வெட்டுவதற்குக் கூரிய ஊசியால் கோடு கிழித்து, அடியில் மரக்கட்டை வைத்து, வெட்டிரும்பால் விரல் நீளத்திற்கு ஒரு திறப்பு உண்டாக்குக. பிறகு கத்தரியால் கோட்டின்வழி செல்க. ஒவ்வொரு வெட்டிலும் கத்தரியின் வாயை முழுதும் மூடிவிடாதீர். மூடினால் விளிம்பில் பிசிறு நிற்கும். இரும்பறுக்கும் வாளைப் பயன்படுத்துவோர், அங்குலத்திற்கு 32 பல் உள்ள அலகைப் பூட்டி, தகட்டை இரு பலகைகளுக்கிடையே இறுக்கிப் பலகையோடு சேர்த்து அறுத்தல் நலம். இன்றேல் மெல்லிய தகட்டில் பற்கள் சிக்கி உடையும்.

வெட்டிய விளிம்பு கத்தியை ஒக்கும். தோல் கையுறையும் கண்ணாடியும் அணிந்தே வேலை செய்க. காயம் பட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைந்து, டெட்டனஸ் தடுப்பூசி குறித்துக் கேட்டறிக. விளிம்பை அரத்தால் தேய்த்து, மடித்து, ரெட் ஆக்சைடு பூசினாலன்றிக் கடலோர ஊர்களில் தகடு நெடுநாள் நில்லாது. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். ஆதலால் அதனை எரித்து நீக்குதல் கூடாது. கால்நடைத் தீவனத் தொட்டிக்கும் இத்தகடு ஆகாது.

ஊராட்சி உறுப்பினர்கள் தம் ஊரில் துருப்பிடித்து நிற்கும் வண்டிகளைக் கணக்கெடுத்து, உரிமையாளருக்கு இவ்வழியை எடுத்துரைப்பாராயின், கொசுவும் குறையும். உழவர் வீட்டுக்கு நல்ல தகடும் கிட்டும்.