ஷவர் பம்பு

ஷவர் பம்பு அல்லது பிரஷர் பம்பு என்பது மேல்நிலைத் தொட்டியிலிருந்து குளியலறைக்கு வரும் நீரின் அழுத்தத்தைக் கூட்டுவதற்காக வீட்டின் உட்குழாயில் பொருத்தப்படும் சிறிய மின் பம்பு ஆகும். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் வேறு, இது வேறு.

அழுத்தம் குறையக் காரணம்

தொட்டி நீரின் அழுத்தம் தொட்டியின் கொள்ளளவைப் பொறுத்ததன்று, உயரத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். மேல்தளத்துக் குளியலறையின் தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் தொட்டியின் அடிப்பகுதியும், 2 மீட்டர் உயரத்தில் ஷவரும் இருந்தால், இடையிலுள்ள உயரம் 2 மீட்டர். அழுத்தம் சுமார் 0.2 பார் மட்டுமே. ஷவர் நன்றாகப் பொழிய 1 பார் அளவு வேண்டும். இதே வீட்டின் தரைத்தளத்தில் அழுத்தம் சுமார் 0.5 பார் இருக்கும்.

வாங்கும் முன் சோதனை

ஷவருக்குக் கீழுள்ள குழாயில் 10 லிட்டர் வாளியை வைத்து, நிரம்பும் நேரத்தைக் குறிக்க வேண்டும். வாளி விரைவில் நிரம்பி, ஷவரில் மட்டும் நீர் சொட்டினால், ஷவர் தலையின் துளைகள் அடைத்திருக்கலாம். தருமபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர் என்பதால் உப்புப் படிவது வழக்கம். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைத்துக் கழுவினால் படிவு கரையும். வாளியும் மெதுவாக நிரம்பினால் கேட் வால்வு, குழாயின் விட்டம், உள்ளே படிந்த உப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவை சரியாக இருந்தும் குறை நீடித்தால் மட்டுமே பம்பு தேவை.

தேர்ந்தெடுத்தல்

பம்பின் மீது அதிகபட்ச ஏற்றம், அதிகபட்ச பாய்வு என இரண்டு எண்கள் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை. ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது பாய்வு சுழியம். ஒரு ஷவருக்கு நிமிடத்திற்கு சுமார் 10 லிட்டர் எனக் கொண்டு, அந்தப் பாய்வில் 8 முதல் 10 மீட்டர் ஏற்றம் தருகிறதா எனக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு குளியலறைகளை ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் பாய்வை இரட்டிப்பாகக் கொள்ள வேண்டும்.

நீரோட்டத்தை உணர்ந்து இயங்கும் பம்பு, நீர் சொட்டும் அளவே வரும் இடத்தில் தொடங்காமல் போகலாம். அங்கு அழுத்தத்தை உணர்ந்து இயங்கும் வகை பொருந்தும். தொட்டி வற்றினால் தானே நிற்கும் வசதி இரண்டிலும் அவசியம்.

பொருத்துதல்

தண்ணீர், வெந்நீர் இரண்டும் பம்பின் வழியாகவே செல்ல வேண்டும். ஒன்றுக்கு மட்டும் அழுத்தம் கூடினால் கலவைக் குழாயில் மற்றது தடைபடும். கீசரில் குறித்துள்ள அழுத்த வரம்பை மீறக் கூடாது. அழுத்தம் தாங்காத வகைச் சூரிய நீர்ச்சூடேற்றியை இதனுடன் இணைக்கக் கூடாது. மின்தடையின்போதும் நீர் வருவதற்கு, ஒருவழி வால்வுடன் மாற்றுக்குழாய் அமைக்கலாம். எர்த் இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் கட்டாயம்.

செய்யக் கூடாதது

தெருக்குடிநீர்க் குழாயில் பம்பை நேரடியாக இணைப்பது சட்டப்படி குற்றம். உள்ளாட்சி அமைப்பு மோட்டாரைப் பறிமுதல் செய்யலாம். அதனால் கடைசி வீடுகளுக்கு நீர் எட்டாது. உறிஞ்சும்போது குழாயின் விரிசல் வழியாகச் சாக்கடை நீரும் உள்ளே புகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதியாக இருப்பதாலேயே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு வீட்டின் ஷவருக்காக அந்நீரை இழுத்தால், தெருக்கோடியில் இருப்பவர் மீண்டும் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிக்க நேரிடும். ஃபுளோரைடு கொதிக்க வைத்தாலும் நீங்காது.

ஆகவே ஷவர் பம்பின் இடம் சொந்தத் தொட்டிக்குப் பின்னரே. குடிப்பதற்கு ஒகேனக்கல் நீர், குளிப்பதற்கு ஆழ்துளைக் கிணற்று நீர் எனத் தனித்தனித் தொட்டிகள் உள்ள வீடுகளில், இரண்டாவது தொட்டியின் குழாயில் மட்டும் பம்பைப் பொருத்துவது நல்லது.