பார்த்தாலே நகரும் இயந்திரக் கை: கண்ணைத் தொடாமல் எப்படி?

பேச வராது. கையும் சொன்னபடி கேட்காது. செரிபரல் பால்சி எனப்படும் பெருமூளை வாதம் கடுமையாக உள்ள பிள்ளைகள் பலருக்கு மிஞ்சியிருப்பது பார்வைதான். சென்னை வித்யாசாகர் பள்ளியின் அத்தகைய மாணவர்களோடு சேர்ந்து, பார்வையாலேயே இயந்திரக் கையை நகர்த்தும் முறையை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பிரதீப்தா பிஸ்வாஸ் குழு உருவாக்கி, 2021-இல் அறிவித்தது. துணியில் அச்சுப் பதிப்பது போன்ற வேலைகளை அவர்கள் செய்யணும் என்பதே நோக்கம்.

கண்ணை எப்படி அளக்கிறாங்க?

நூறு வருடங்களுக்கு முன்பு அமெரிக்காவின் எட்மண்ட் ஹியூயி, கண்ணின் மேலேயே சின்னக் கிண்ணம் ஒன்றைப் பொருத்தி அளந்தார். நினைத்தாலே கண் உறுத்துது, இல்லையா? இப்போது கண்ணாடிச் சட்டத்தில் குட்டிக் கேமராக்கள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கருவிழியில் பட்டு ஒரு புள்ளியாக மின்னும். கண் திரும்பும்போது அந்தப் புள்ளிக்கும் பாப்பாவின் நடுவுக்கும் உள்ள தூரம் மாறும். எங்கே பார்க்கிறோம் என்பதைக் கணினி அதிலிருந்து கணக்குப் போட்டுவிடும்.

ஆனால் தலை தானாக ஆடும் பிள்ளைக்குக் கண்ணாடி நழுவும். அதனால்தான் பெங்களூரு குழு தலையில் எதையும் மாட்டாமல், சாதாரண வெப்கேமைப் பயன்படுத்தியது. இந்த மாணவர்கள் திரையின் எல்லாப் பகுதியையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்பதையும் அவர்கள் கவனித்தார்கள். பொத்தானை எங்கே வைப்பது என்பதற்கு இது ரொம்ப முக்கியம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சும்மா பார்ப்பதற்கும் 'இது வேணும்' என்று பார்ப்பதற்கும் கணினிக்கு வித்தியாசம் தெரியாது. ஒரே இடத்தில் சில விநாடி பார்வை நின்றால்தான் பொத்தான் அழுந்தும் என்று வைக்கிறார்கள். நேரம் குறைந்தால் தவறு கூடும், கூடினால் பிள்ளை களைத்துப்போகும்.

நம்ம வீட்டில் முடியுமா?

சுவா போன்ற தோட்டப்புறக் குடும்பத்துக்கு, சிகிச்சைக்காக சிரம்பான் போய்வருவதே பெரிய வேலை. கைப்பேசி கைகொடுப்பது இங்கேதான். 2024-இல் வந்த ஐஓஎஸ் 18, ஐபோன் 12 முதலான மாடல்களில் முன்கேமராவாலேயே பார்வையைப் பின்தொடரும். தனிக் கருவி வேண்டாம். கைப்பேசியை ஸ்டாண்டில் ஒன்றரை அடி தூரத்தில் வையுங்கள். முகத்தில் வெளிச்சம் இருக்கணும், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் வேண்டாம்.

ஓகேயு கார்டு உள்ளவர்கள் துணைக்கருவி உதவிக்கு ஜேகேஎம்-இல் விண்ணப்பிக்கலாம். கண் கருவியும் அதில் சேருமா என்று அங்கேயே கேளுங்கள். வாங்கும் முன் பிள்ளை உட்காரும் விதத்தை சிகிச்சையாளரிடம் காட்டிவிடுங்கள். கழுத்துக்குச் சரியான தாங்கல் இல்லை என்றால் கேமரா பார்வையைப் பின்தொடர்வது கடினமாகலாம்.