மலையைத் தாண்டிப் பேச ஒரு ஒயர் போதும்

சுந்தரபாண்டியத்தில் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால், மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கும். ஒரு வி.எச்.எப். வாக்கி டாக்கியை வைத்துக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹாம் நண்பரை நேரடியாக அழைத்தால் பதில் வராது. 144 மெகாஹெர்ட்ஸ் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. மலை மறித்துவிடும். ஆனால் இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே 20 மீட்டர் ஒயரைக் கட்டி 7 மெகாஹெர்ட்ஸில் அழைத்தால், பகல் நேரத்தில் கோட்டயமும் பேசும், சென்னையும் பேசும். இது எப்படி என்று பார்ப்போம்.

7 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 42 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 10 மீட்டர் உயரத்தில் ஒயரைக் கட்டினால், சிக்னலின் பெரும்பகுதி நேர் மேலே போகும். வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு இறங்கும். பக்கத்து சிவகாசிக்காரர்களுக்குச் சொல்வதென்றால், புஸ்வாணம் மாதிரி! மேலே போய்க் கீழே விழுகிற சிக்னலுக்கு நடுவில் மலை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இரவில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து ஊர்களைத் தாண்டிக் குதித்துவிடும். அப்போது 3.5 மெகாஹெர்ட்ஸ் கைகொடுக்கும். ஆனால் அதற்கு 40 மீட்டர் ஒயர் வேண்டும்.

செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்தன. ஹாம் ரேடியோ நிகழ்ச்சிக்காக போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த பாரதி பிரசாத் (அழைப்புக் குறி வி.யு.4 ஆர்.பி.ஐ.) குழுவினர்தான் சிற்றலை மூலம் செய்திகளை வெளியே கொண்டு சேர்த்தார்கள். டவர், கேபிள், சர்வர் எதுவும் நடுவில் தேவைப்படாத தொடர்பு இது. ஒன்றை மறக்க வேண்டாம்: தொலைத்தொடர்புத் துறையின் தேர்வு எழுதி லைசென்ஸ் பெற்றவர்கள்தான் இதில் பேசலாம். 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதலாம்.

கணக்கு எளிது. 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் ஒயரின் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20.14 மீட்டர். அதை நடுவில் வெட்டி, கேபிளின் உள் கம்பியை ஒரு பாதியிலும் வெளி வலையை மறுபாதியிலும் இணைக்க வேண்டும். இதுதான் டைபோல். முதலில் ஒவ்வொரு பக்கமும் 30 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்துப் பார்த்துக் குறைத்துக்கொண்டு வாருங்கள். பக்கத்துக்கு 14 சென்டிமீட்டர் குறைத்தால் சுமார் 100 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் பி.வி.சி. ஒயர் என்றால் இந்தக் கணக்கைவிடச் சில சதவீதம் சிறியதாகவே முடியும். வெட்டுவதற்கு முன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட விரும்புகிறவர்களுக்கு 4நெக்2, எம்மானா-கால் ஆகிய இலவச சாப்ட்வேர்கள் உள்ளன. 2022 முதல் ஈஸிநெக்கும் இலவசம். உயரத்தை 5 மீட்டர், 10 மீட்டர், 20 மீட்டர் என்று மாற்றிப் பாருங்கள். சிக்னல் போகும் திசை மாறுவது படமாகவே தெரியும்.

இனி மரத்துக்கு வருவோம். நம் ஊரில் தென்னையைவிட மலிவான டவர் கிடையாது. ஆனால் அதில் ஆணி அடிக்காதீர்கள். தென்னையில் காயம் பட்டால் அந்த வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்துவிடும், மரமே போய்விடலாம். அகலமான பட்டையால் கட்டினால் போதும். தென்னை காற்றில் ஆடும். இரண்டு முனையையும் இழுத்துக் கட்டினால் முதல் ஆடிக் காற்றிலேயே ஒயர் அறுந்துவிடும். ஒரு முனையில் சிறிய கப்பி வைத்து, கயிற்றின் மறுமுனையில் மணல் நிரப்பிய கேனைத் தொங்க விடுங்கள். மரம் ஆட ஆட கேன் ஏறி இறங்கும். ஒயரின் இழுவிசை மாறாது. (ஊட்டி ரேடியோ டெலஸ்கோப்பின் பிரதிபலிப்புப் பரப்பு 530 மீட்டர் நீளமுள்ள 1100 எவர்சில்வர் கம்பிகளால் ஆனது. அத்தனையையும் தொய்யாமல் வைத்திருக்கும் வேலையை நினைத்தால் நம் வேலை ஒன்றுமே இல்லை!)

தேங்காய் பறிக்க வருபவரிடம் கட்டாயம் சொல்லி வைக்க வேண்டும். டைபோலின் முனைகளில்தான் ரேடியோ வோல்டேஜ் மிக அதிகம். 100 வாட் டிரான்ஸ்மிட்டரில் அது பல நூறு வோல்ட்டைத் தொடும். அவர் மரத்தில் இருக்கும்போது நீங்கள் மைக்கை அழுத்தினால் கை சுடும். திடுக்கிட்டுப் பிடியை விட்டாலே ஆபத்து. அவர் இறங்கும் வரை செட்டை ஆஃப் செய்து, கேபிளையும் கழற்றி வையுங்கள். ஈ.பி. லைன் பக்கம் போகவே கூடாது. ஒயர் அறுந்து எந்தப் பக்கம் விழுந்தாலும் லைனைத் தொடாத தூரத்தில்தான் கட்ட வேண்டும். தெருவுக்குக் குறுக்கே கட்டுவதும் வேண்டாம்.

கட்டியதோடு வேலை முடியாது. மாதம் ஒருமுறை எஸ்.டபிள்யூ.ஆர். அளவை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எண் மெல்ல மெல்ல மாறினால் பெரும்பாலும் இரண்டு காரணம்: மெல்லிய செம்பு இழுபட்டு நீண்டிருக்கும், அல்லது கேபிள் முனையில் தண்ணீர் இறங்கியிருக்கும். முதலாவதற்கு நுனியைக் கொஞ்சம் மடக்கினால் சரி. இரண்டாவது என்றால் கேபிளையே மாற்ற நேரும். அதனால் இணைப்பு இடத்தை முதலிலேயே ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றி, கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் கயிறு நம் வெயிலுக்குப் பொடியாகும். அதை ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை பாருங்கள். மேலே விழுந்த மட்டை தொங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இடி இடிக்கும் சத்தம் கேட்ட பிறகு கேபிளைத் தொடாதீர்கள். மேகம் கூடும்போதே கழற்றி, ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். கழற்றிய கேபிளைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் சுருட்டி வைப்பதால் ஒரு பயனும் இல்லை.

எல்லாம் சரியாக இருந்தும் இரைச்சல் மட்டுமே கேட்டால், ஆன்டெனாவைச் சந்தேகிக்கும் முன் ரேடியோவை பேட்டரியில் ஓட்டி, வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மெயினைப் போட்டுவிட்டு எல்.இ.டி. பல்பு, மொபைல் சார்ஜர், கம்ப்யூட்டர் பவர் சப்ளை என்று ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மலிவு சார்ஜர்தான் மாட்டிக்கொள்ளும்.