ஒரு ஜிகாபிட் யாருக்கு?

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வழியே நொடிக்கு ஒரு ஜிகாபிட் வேகம்: பாரத்நெட் இரண்டாம் கட்டம் இந்த வாக்குறுதியோடுதான் நம் ஊர்ப்பக்கம் வந்தது. டான்ஃபினெட் எனப்படும் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் அதைச் செயல்படுத்துகிறது. தனியார் நிறுவனங்களும் நூறு மெகாபிட், முந்நூறு மெகாபிட் என்று கூவி விற்கின்றன. பாலக்கோட்டில் பணம் கட்டுபவர் கடைக்காரரோ, பள்ளியோ, கூட்டுறவுச் சங்கமோ, எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த வேகத்தில் எனக்குக் கிடைப்பது எவ்வளவு? விளம்பரத்தில் வரும் எண் பெரும்பாலும் பொய்யாக இருப்பதில்லை. கருவியின் திறனைச் சொல்லும் எண்ணைச் சேவையின் அளவாகக் காட்டும்போதுதான் மிகை பிறக்கிறது. வலையமைப்புச் சந்தையில் புதிது புதிதாக வரும் ஆரவாரங்களுக்கெல்லாம் வேர் இதுவே.

வீடுகளுக்கு வரும் இழை இணைப்புகளில் பெரும்பாலானவை ஜிபான் என்ற முறையில் இயங்குகின்றன. சேவை நிறுவனத்தின் நிலையத்திலிருந்து ஒற்றை இழை புறப்படுகிறது. மின்சாரமே தேவைப்படாத ஒரு சிறு பிரிப்பான் அதன் ஒளியை வழியில் 32 ஆகவோ 64 ஆகவோ பகுக்கிறது. கீழே வரும் 2.488 ஜிகாபிட்டும் எல்லா வீடுகளுக்கும் போகும். தனக்குரியதை மட்டும் வீட்டுப் பெட்டி எடுத்துக்கொள்ளும். வியப்பெல்லாம் வீட்டிலிருந்து நிலையத்துக்கு மேலே போகும் வழியில்தான் இருக்கிறது. அத்தனை பெட்டிகளும் ஒரே இழையில், ஒரே அலைநீளத்தில் பேச வேண்டும். இரண்டின் ஒளி ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் இரண்டு செய்தியும் பாழ். ஒரு வீடு ஒரு கிலோமீட்டரில் இருக்கலாம், இன்னொன்று இருபது கிலோமீட்டரில் இருக்கலாம். இழைக்குள் ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கு ஐந்து மைக்ரோநொடி ஆகும் என்பதால், போய்த் திரும்ப முன்னதற்கு 10 மைக்ரோநொடி, பின்னதற்கு 200. ஆகவே புதிதாகச் சேரும் ஒவ்வொரு பெட்டியையும் நிலையம் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வர எடுத்த நேரத்தை அளக்கிறது. பிறகு பக்கத்தில் இருப்பதை அதற்கேற்பத் தாமதிக்கச் சொல்கிறது. அதன் பின் எல்லாப் பெட்டிகளும் ஒரே தொலைவில் இருப்பவை போலவே நடந்துகொள்கின்றன. ஒன்று பேசி முடித்து அடுத்தது தொடங்க விடும் இடைவெளி சுமார் 26 நானோநொடியாக இருக்கலாம். அதற்குள் ஒளி இழையில் ஐந்து மீட்டர்தான் நகர்ந்திருக்கும்!

பாலக்கோட்டில் உள்ள தர்மபுரி மாவட்டக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பியவர்களுக்கு இது எளிதில் புரியும். அரவைக்கு ஆலை ஒன்று, பதிவு செய்த விவசாயிகளோ பலர். வெட்டிய கரும்பு காத்துக் கிடந்தால் எடையும் சர்க்கரைச் சத்தும் இறங்கும் என்பதால், யார் எப்போது வெட்டுவது என்று ஆலை வெட்டு உத்தரவு தருகிறது. எவ்வளவு கரும்பு நிற்கிறது என்று விவசாயி பதிவதுபோல, எவ்வளவு தரவு காத்திருக்கிறது என்று பெட்டியும் நிலையத்துக்குத் தெரிவிக்கிறது. தொலைவிலிருந்து வரும் டிராக்டரை முன்னதாகவும் அருகில் உள்ளதைப் பின்னதாகவும் கிளப்பி, இரண்டையும் அடுத்தடுத்து எடைமேடையில் ஏற்றுவதுதான் அந்தத் தாமதக் கணக்கு. இரண்டு டிராக்டர்களுக்கு நடுவே விடும் சந்துதான் 26 நானோநொடி. கரும்பு இல்லாதவரின் முறை அடுத்தவருக்குப் போவதுபோல, சும்மா இருக்கும் பெட்டியின் நேரமும் அடுத்த பெட்டிக்குப் போகிறது. எல்லார் கரும்பும் ஒரே மாதத்தில் முற்றினால் ஆலை வாசலில் வண்டிகள் நிற்பதும், இரவு எட்டு மணிக்கு இணையம் தவழ்வதும் ஒன்றே. நாளொன்றுக்கு எத்தனை டன் அரைக்கும் என்பது ஆலையின் எண். தன் முறை என்றைக்கு வரும் என்பதே விவசாயிக்கு வேண்டிய எண்.

கணக்கு இப்படி வருகிறது. 2,488 மெகாபிட்டை 32 வீடுகளும் ஒரே நேரத்தில் கேட்டால் தலைக்குச் சுமார் 78 மெகாபிட். 64 வீடுகள் என்றால் 39க்கும் கீழே. அப்படியானால் பகிர்வதே மோசடிதானே என்று கேட்கலாம். அப்படிச் சொல்ல முடியாது. எல்லோரும் ஒரே நொடியில் கேட்பது அரிது; எத்தனை பேருக்கு எத்தனை தடம் போதும் என்பதைத் தொலைபேசிக் காலத்திலேயே, 1909இலும் 1917இலும், டென்மார்க்கின் கணிதவியலாளர் எர்லாங் நிகழ்தகவால் கணக்கிட்டுக் காட்டிவிட்டார். பகிராமல் கிராமத்துக்கு இழை கொண்டுபோவது கட்டுப்படியாகாது. எத்தனை பேரோடு பகிர்கிறோம், நிலையத்திலிருந்து வெளியே போகும் தடம் எவ்வளவு அகலம் என்பதை மறைப்பதுதான் தவறு. பத்து ஜிகாபிட் தரும் அடுத்த தலைமுறை முறையிலும் இந்தப் பகிர்வு அப்படியே இருக்கும். இந்தியாவில் ஓர் இணைப்பை அகன்ற அலைவரிசை என்று அழைக்க 2023 முதல் 2 மெகாபிட் இருந்தாலே போதும். அந்த இரண்டுக்கும் விளம்பரத்தில் வரும் முந்நூறுக்கும் நடுவே இருக்கும் பெருவெளியில்தான் வாடிக்கையாளர் வாழ்கிறார்.

மிகையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பாடம் போதும். 1990களின் பிற்பகுதியில், இணையப் போக்குவரத்து நூறு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்ற பேச்சு அமெரிக்க முதலீட்டாளர்களை ஆட்டிப் படைத்தது. 1998இல் அந்நாட்டு வணிகத் துறையின் அறிக்கையிலும் அது ஏறியது. காஃப்மன், ஒட்லிஸ்கோ என்ற இரு ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறைதான் இரட்டிப்பாகிறது என்று தெரிந்தது. மூன்றாண்டில் முதல் கணக்குப்படி ஏறக்குறைய 2,000 மடங்கு, இரண்டாவதன்படி 8 மடங்கு. முதல் கணக்கை நம்பிப் புதைத்த இழையில் பெரும்பகுதி ஒளி பாயாமல் கிடந்தது. 2002இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காம் திவாலானது.

மிகையால்தானே இழை வந்தது, பின்னால் வந்தவர்களுக்கு அது மலிவாகக் கிடைத்ததே என்பார்கள். தனியார் பணத்துக்கு அந்த வாதம் ஓரளவு செல்லும், பொதுப்பணத்துக்குச் செல்லாது. 2.5 லட்சம் ஊராட்சிகளை இணைக்க மத்திய அரசு 2011 அக்டோபரில் ஒப்புதல் தந்த திட்டம்தான் பின்னாளில் பாரத்நெட் ஆனது. முதல் கட்டத்தின் ஒரு லட்சம் ஊராட்சிகள் முடியவே 2017 டிசம்பர் ஆனது. 2023இல் சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாயில் திட்டத்தைத் திருத்தி அமைத்தபோது, இழையை வளையமாகப் போட முடிவெடுத்தார்கள். ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்கமாகத் தரவு போய்விடும். அறுந்தால் என்ன ஆகும் என்ற சாதாரணக் கேள்விக்கு முதல் நாளிலேயே பதில் இருந்திருக்க வேண்டும். இணைத்த ஊராட்சிகளின் எண்ணிக்கையையே வெற்றியின் அளவாக வைத்தால் இந்தக் கேள்வி எழாது.

ஆகவே இணைப்பு வாங்கும் நிறுவனமும் ஊராட்சியும் உச்ச வேகத்தைக் கேட்டு மயங்க வேண்டாம். நெரிசல் நேரத்தில் குறைந்தபட்சம் எவ்வளவு, எத்தனை பேரோடு பகிர்வு, அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் சரியாகும் என்று எழுதி வாங்க வேண்டும். 99 சதவீதம் இயங்கும் என்ற உறுதிமொழியில் ஆண்டுக்கு மூன்றரை நாளுக்கு மேல் முடக்கம் அடங்கியிருக்கிறது; 99.9 என்றால் ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு. செயற்கை நுண்ணறிவு தானே நடத்தும் வலையமைப்பு என்று இப்போது விற்க வருபவரிடமும் கேட்க வேண்டியவை இவையேதான். நேர்மையான பொறியாளருக்கு இவற்றுக்கு எண்ணால் பதில் சொல்ல முடியும். எண் தர மறுப்பவரின் பொருள் எவ்வளவு புதிதானாலும் அதை வாங்கக் கூடாது.